அவர் கூட்டாளி என்றார், அவர்கள் கச்சரா என்றார்கள்

செண்பகவல்லி அக்கா காலமான செய்தி தொலைபேசியில் வந்தது. ஆய்வகத்தில் அன்றைய வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பேசியவர் அவருடைய கணவர் சங்கரலிங்கம் சார். “எம்மா, அவ போயிட்டா” என்றார். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் நிர்வாகப் பிரிவு எழுத்தர் ஒருவர் தாளும் பேனாவுமாக நிற்கிறார். செய்தி எனக்கு முன்பே அவர்களுக்குப் போய்விட்டிருந்தது. மாலையில் இரங்கல் கூட்டம், இரண்டு நிமிட மௌனம், அதற்கான சுற்றறிக்கை உடனே டைப் ஆக வேண்டும். “மேடம்ஜி, நாம் கா ஸ்பெல்லிங் க்யா ஹை?” என்று கேட்டார். அதே கட்டடத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்த விஞ்ஞானி ஒருவரின் பெயரை எப்படி எழுதுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எழுத்தரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயர் அச்சாக வேண்டிய இடங்களில் ஒழுங்காக அச்சாகியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

நம் தமிழ் மன்றத்தின் மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டவர்கள், கொஞ்சம் சாந்தமாக எழுதும்படியும் சொன்னார்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை. சாந்தமாக எழுதினால் அது வேறு யாரைப் பற்றியோ எழுதியதாகிவிடும்.

அக்கா கோவில்பட்டிக்காரர். பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கி, திருமணமாகி, மத்திய அரசுச் செயலகத்தில் வேலை பார்த்த கணவரோடு எழுபதுகளின் தொடக்கத்தில் டெல்லிக்கு வந்தார். கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. நானும் அவரும் ஒரே வருடம் ஆய்வகத்தில் சேர்ந்தோம். பிரிவு வேறு என்றாலும் உட்கார்ந்தது ஒரே அறையில். என்னைவிட இரண்டு வயது பெரியவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தால் “ஏட்டி ஜெயா” என்பார், கோபமாக இருந்தால் “டாக்டர் ஜெயலட்சுமி” என்பார். முழுப் பெயரைக் கேட்ட நாட்களில் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

கோல் மார்க்கெட்டில் அக்காவை எல்லோருக்கும் தெரியவைத்தது ஒரு பிளாஸ்க். அவருடையது சைவ வீடு, முட்டைகூட உள்ளே வராது. ஆனால் வாரத்தில் சில நாள் காலையில் கோழிக்கடையில் முதல் ஆளாகப் போய் நிற்பார். கோழியின் சிவப்பணுக்களில் அட்ரினலின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன, அவருடைய ஆராய்ச்சி அதில்தான். முதல் நாள் கடைக்காரர் கறி எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கா பிளாஸ்க்கைத் திறந்து நீட்டி, “கோஷ்த் நஹீ பையா, சிர்ஃப் கூன்” என்றாராம். கறி வேண்டாம், ரத்தம் மட்டும் போதும் என்று பொட்டும் பூவுமாக ஒரு பெண்மணி கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? அந்த மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். பிறகு பழகிப்போய், மேடம்ஜி வந்த பிறகுதான் போணி என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

மந்திர் மார்க்கில் நம் பொங்கல் விழா ஒன்றில் அக்கா காப்பி கொண்டுவந்திருந்தார். ஒரு மாமி டம்ளரை வாங்காமல், “இது எந்த பிளாஸ்க், செண்பகா?” என்று கேட்டார். “இது காப்பிதான் மாமி. அது ஆபீஸ்ல கெடக்கு. ரெண்டும் பாக்க ஒண்ணு போலதான் இருக்கும், எதுக்கும் மோந்து பாத்துட்டுக் குடிங்க” என்றார் அக்கா. அந்த வரிசையில் ஒருவரும் குடிக்கவில்லை. மொத்தக் காப்பியையும் நானும் அவருமாகக் காலி செய்தோம்.

அப்போதுதான் ஒருவர், அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டார். அக்கா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ஒங்க வீட்டு வாசல்ல காலிங் பெல் இருக்குல்லா? அமுக்குதவன் உள்ள வரமாட்டான், வெளியதான் நிப்பான். ஆனா உள்ள அடுக்களைல காப்பி கொதிக்க ஆரம்பிச்சிருது. பெல்லு எந்திரிச்சுப் போயா அடுப்பைப் பத்த வச்சுது? நடுவுல ஒரு ஆளு போயிச் சொல்லியிருக்கணும்லா? அந்த ஆளைத்தான் தேடுதேன்.”

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும், அக்கா பட்ட பாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. பயந்தாலோ பதறினாலோ நம் ரத்தத்தில் அட்ரினலின் ஓடுகிறது. அது செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேல்சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தைத் தொடுகிறது, அவ்வளவுதான். உடனே சவ்வின் உள்பக்கத்தில் இருக்கும் இன்னொரு புரதம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெளியே தொட்டது உள்ளே எப்படித் தெரிந்தது? ஏற்பியே நேராக அந்த வேலைக்காரப் புரதத்தை எழுப்புகிறது என்பதுதான் எங்கள் ஆய்வகத்தில் அன்று எல்லோரும் சொன்ன பதில். நடுவில் மூன்றாவதாக ஒரு புரதம் வந்து போகிறது என்று அக்கா சந்தேகப்பட்டார். வெளிநாட்டிலும் சிலருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் யாரும் அதை ஏற்பியோடு சேர்த்துக் கையும் களவுமாகப் பிடித்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அதற்கு அவர் வைத்த பெயர் கூட்டாளி. மன்றத்துத் தமிழறிஞர் ஒருவர் ‘இணைப்புரதம்’ என்று சொல்லலாமே என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “இணைன்னா எப்பவும் ஒட்டிக்கிட்டே இருக்கணும்யா. இது வேலை வரும்போது வந்து சேருது, முடிஞ்சதும் பிரிஞ்சு போவுது. கூட்டாளின்னாதான் சரி” என்றார். எங்கள் அறையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாங்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நெருக்கடி நிலை முடிந்த சமயம் என்று நினைக்கிறேன். அக்கா கோழிச் சிவப்பணுக்களுக்கு ஹார்மோனைக் கொடுத்து, அவற்றின் சவ்வைக் கரைத்து, அதிலிருந்து ஏற்பியை மட்டும் பிடித்து இழுக்கும் முறையைத் தேற்றிவிட்டார். அப்படிப் பிடித்த புரதத்தை ஜெல் என்ற வழவழப்பான தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால், ஒவ்வொரு புரதமும் அதனதன் எடைக்கேற்ப ஓர் இடத்தில் பட்டையாக நிற்கும். ஏற்பி மட்டும் இருந்தால் ஒரு பட்டைதான் வர வேண்டும். அக்காவுக்கு இரண்டு வந்தது. கீழே இருந்த இரண்டாவது மெலிந்திருந்தது, ஆனால் பிசிறில்லாமல் தெளிவாக இருந்தது. அன்று அவர் என் மேசைக்கு வந்து அந்தப் புகைப்படத்தை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எங்கள் துறைத் தலைவரும் தமிழர்தான். பெயரை எழுதப்போவதில்லை. எல்லாக் கட்டுரையிலும் அவர் பெயர் முதலில் வந்தாகிவிட்டது, இந்த ஒன்றிலாவது வராமல் இருக்கட்டும். அவர் படத்தைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். மேல் பட்டையை விரலால் தட்டி, “பிரமாதம்மா” என்றார். கீழ்ப் பட்டைக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘கச்சரா’ என்று எழுதினார். இந்தியில் குப்பை. எங்கள் ஆய்வகத்தில் சரியாகக் கழுவாமல் ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத புரதங்களுக்கெல்லாம் அதுதான் பெயர். தமிழரும் பஞ்சாபியரும் வங்காளியரும் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா சண்டை போடவில்லை. மறுபடி கழுவினார். உப்பை மாற்றிக் கழுவினார், புதிய ரத்தம் எடுத்துக் கழுவினார். பட்டை போகவில்லை. அதன் பிறகு அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஒரு தடுப்பு மருந்து உண்டு. அதுவும் அட்ரினலின் உட்காரும் அதே ஏற்பியில் அதே இடத்தில்தான் போய் உட்காரும். ஆனால் மணி அடிக்காது, அடிக்க வருபவரையும் விடாது. அக்கா ஒரு பங்குக்கு ஹார்மோனைக் கொடுத்தார், இன்னொரு பங்குக்குத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். இரண்டையும் ஒரே ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார். ஹார்மோன் கொடுத்ததில் இரண்டு பட்டை. மருந்து கொடுத்ததில் ஏற்பி மட்டும், கீழே சுத்தமாக ஒன்றுமில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியேதான் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனபோது என்னையும் கூட வரச் சொன்னார். “சார், ரெண்டையும் ஒரே தண்ணில கழுவுனேன், ஒரே கையி கழுவுச்சு. கச்சரான்னா ரெண்டுலயும்லா ஒட்டணும்? கச்சராவுக்கு ஆள் பாத்து ஒட்டத் தெரியுமா சார்?” என்று கேட்டார்.

தலைவர் சிரித்தார். “அம்மா, நமக்கு ஏற்பி சுத்தமா கிடைச்சிருக்கு. அதுவே பெரிய விஷயம். இந்தக் கீழே இருக்கறதைப் போட்டா வெளிநாட்டுக்காரன் என்ன சொல்வான்? டெல்லில இருக்கறவனுக்குக் கழுவத் தெரியலைம்பான். படத்துல அந்த இடத்தை மட்டும் வெட்டிடுங்க.”

“வெட்ட மாட்டேன் சார்.”

“ஏன்?”

“இருக்கதை இல்லைன்னு காட்டச் சொல்லுதிய. எனக்கு அது வராது.”

நான் என் பங்குக்கு, மருந்து கொடுத்த பங்கில் பட்டை இல்லாததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்டேன். “நீங்க வேற செக்‌ஷன் ஜெயலட்சுமி” என்றார் தலைவர். அதோடு என் பேச்சு முடிந்தது.

கட்டுரை வெளியானது. படத்தில் ஒரே பட்டை, பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆசிரியர்கள் வரிசையில் அக்காவின் பெயர் இல்லை. கடைசியில் பொடி எழுத்தில், தொழில்நுட்ப உதவிக்காக நன்றி என்று ஒரு பெயர் இருந்தது. செண்பகவல்லி என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ரத்தம் வாங்கியதிலிருந்து ஜெல் ஓட்டியது வரை எல்லாம் அவர் செய்தது. படம் அவர் எடுத்த படம். அதை வெட்டியது மட்டும்தான் மற்றவர்கள் செய்த வேலை. அன்று அக்கா பத்திரிகையை மூடி அலமாரியில் அதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

அடுத்து அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். குளிர் அறைகளுக்கும் ஃப்ரீசர்களுக்கும் பொறுப்பு அதிகாரி. நாற்காலி கொஞ்சம் பெரியது, கையில் ஆராய்ச்சி எதுவும் கிடையாது. ஹார்மோன் கேட்டால் வேறு திட்டத்துக்குப் போய்விட்டது என்றார்கள். ஐசோடோப் கேட்டால் ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்தது என்றார்கள். கோழிக்கடைக்குப் போவது நின்றது. கடைக்காரர் என்னை வழியில் பார்த்து, மேடம்ஜிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆய்வகத்தில் அப்படிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

இருந்தும் அக்கா கருத்தரங்குகளுக்கு வருவதை விடவில்லை. யார் ஏற்பியைப் பற்றிப் பேசினாலும் எழுந்து, “நடுவில் இருக்கும் ஆள் யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்பார். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அவருக்குக் கச்சரா மேடம் என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னது கொஞ்ச நாளில் நடைவழியில் காதுபடச் சொல்வதாகிவிட்டது. அவர் காதிலும் விழுந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில், “ஏட்டி, என்னையவா சொல்லுதானுவ, பட்டையவா?” என்று கேட்டார். நான் மழுப்பினேன். “பட்டையன்னா வருத்தப்படுவேன்” என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

சில வருடங்களில் வெளிநாட்டு ஆய்வகங்களிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டுரைகள் வந்தன. நடுவில் ஒரு புரதம் இருக்கிறது. ஏற்பியில் ஹார்மோன் உட்கார்ந்தால் அது வந்து சேர்கிறது, செய்தியை வாங்கிக்கொண்டு பிரிகிறது, உள்ளே போய்ச் சொல்கிறது. தடுப்பு மருந்து உட்கார்ந்தால் அப்படிச் சேர்வதில்லை. எங்கள் அறையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே விஷயம். நான் கட்டுரையை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்கு ஓடினேன். அக்கா நின்றபடியே படித்தார், பக்கத்தைப் புரட்டிப் படங்களைப் பார்த்தார். “நல்லா செஞ்சிருக்கானுவ” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் தலைவர் ஒரு பெரிய சொற்பொழிவு ஆற்றினார். அரங்கம் நிறைந்திருந்தது. பாதியில் ஒரு படத்தைத் திரையில் போட்டு, இந்த உண்மையின் அடையாளத்தை நாங்கள் டெல்லியில் எப்போதோ பார்த்துவிட்டோம் என்றார். அக்கா எடுத்த படம். வெட்டாத முழுப் படம், இரண்டு பட்டையோடு. அதை அத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்! குப்பை என்று எழுதிய பென்சில் எழுத்தைக் காணோம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், அதில் ஒரே ஒரு சொல் இந்தி. “சார், கீழே இருக்கும் அந்தப் பட்டை கச்சரா இல்லையா?” மாணவர்கள் சிரித்தார்கள், தன் பெயரைத் தானே கேலி செய்துகொள்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். தலைவரும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டு, “நோ, நோ, அது பார்ட்னர்” என்றார். “தேங்க் யூ சார்” என்று அக்கா உட்கார்ந்தார்.

வெளியே புல்வெளியில் வெயில் இருந்தது. அப்படியே நாலு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லியிருக்கலாமே, உங்கள் பெயராவது மீண்டிருக்குமே என்று நான் கத்தினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பேரு போனாப் போகுது. அது கூட்டாளின்னு தெரிஞ்ச அன்னிக்கு எம்புட்டு கேள்வி இருந்துச்சு தெரியுமா? அது எப்பிடி வந்து சேருது, யார் அதைப் பிரிச்சு விடுதா, ஒரு கூட்டாளிதானா, ஏற்பிக்கு ஏற்பி வேறயா... ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்திருப்பேன். அந்த வயசு, அந்தக் கையி, எல்லாம் ஃப்ரீசரைத் தொறந்து மூடியே போச்சு. அதை எவன் குடுப்பான் ஜெயா?” அப்போதுதான் அவர் அழுதார். பகல் வெளிச்சத்தில், ஆட்கள் போய்வரும் இடத்தில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். இப்போது யோசித்தாலும் அதற்கு ஆறுதல் இருப்பதாகத் தோன்றவில்லை.

பிறகு அவர்கள் மயூர் விஹாரில் கூட்டுறவுக் குடியிருப்பில் சொந்தமாக ஃபிளாட் வாங்கிப் போனார்கள். தண்ணீரும் சரியாக வராது, பஸ்ஸும் சரியாக வராது. ஆனாலும் சொந்த வீடு என்று சங்கரலிங்கம் சாருக்குப் பெருமை. அங்கே போன கொஞ்ச காலத்தில் அக்காவின் சிறுநீரகம் கெட்டது. பார்க்கப் போகும்போதெல்லாம் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்பார். நான் படித்ததைச் சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்து, ஏதாவது ஓர் இடத்தில், “அங்கன தப்பு பண்ணுதான்” என்பார். பல முறை அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

செய்தி வந்த அன்று நான் எழுத்தரிடம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு நேராக மயூர் விஹார் போனேன். அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊரிலிருந்து உறவினர் யாரும் வர நேரமில்லை. அக்கம்பக்கத்துத் தமிழர்களும் கோல் மார்க்கெட் பழைய நண்பர்கள் சிலரும் இருந்தார்கள். மதியத்துக்கு மேல் தலைவர் வந்தார், துறையின் சார்பில் மலர்வளையம் வைத்தார். சங்கரலிங்கம் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க என் ஆராய்ச்சியில பெரிய பார்ட்னர் சார்” என்றார்.

சங்கரலிங்கம் சார் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். செயலகத்தில் காலம் முழுக்க ‘எஸ் சார்’ சொன்ன மனிதர். அவர் தலைவரின் கையை விடாமல் கேட்டார். “சார், எனக்கு ஒங்க விஷயம் ஒண்ணும் தெரியாது. தப்பா நெனச்சுக்கிடாதிய. ரெண்டாவது பட்டை, ரெண்டாவது பட்டைன்னு ஒண்ணு சொல்லிக்கிட்டே இருப்பா. அவ சொன்னது சரிதானா சார்?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. “சரிதான்” என்றார்.

“மொதல்ல சொன்னது அவதானா?”

“ஆமா. எங்க ஆய்வகத்துல முதல்ல சொன்னது அவங்கதான். நான்தான் ஒத்துக்கலை.”

சங்கரலிங்கம் சார் கையை விட்டார். கஷ்டப்பட்டு முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். அக்காவின் காதருகே குனிந்து, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்: “ஏளா, கேட்டியா? சார் வந்திருக்காவ. நீ சொன்னது சரிதானாம். அவியளே சொல்லிட்டாவ. ஏளா, கேட்டியா?”

அக்கா, உங்களுக்குக் கேட்டிருக்காது. அந்தக் கூடத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது. இனி யாராவது வந்து மாற்றிச் சொன்னால் மறுத்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். போய் வாருங்கள்.